பெட்ராவில் பெண் பார்த்த கதை

பெட்ராவைப் பார்க்க ஆசைப்பட்டு நான் ஜோர்தானுக்குப் போகவில்லை. தம்பிக்குப் பெண் பார்க்கப் போனேன். போன இடத்தில், மலையைக் குடைந்து செய்த பழைய நகரம் ஒன்றும் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில் அப்போது எங்கள் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமைப் பூசை யாராவது ஒருவருடைய வீட்டு முன்னறையில் நடக்கும். பூசை முடிந்து சுண்டல் கைக்கு வரும்போதே கலியாணப் பேச்சும் வந்துவிடும். தம்பி தயாவுக்கு முப்பத்துநாலு வயது. அந்தக் கூட்டத்தில் கலியாண வயதில் ஒரேயொரு பெண்தான் இருந்தாள். அவளுக்கும் சிட்னியில் ஒரு பல்வைத்தியரோடு நிச்சயமாகிவிட்டது. ஆகவே தயாவின் சாதகம் யாழ்ப்பாணத்துக்குப் போய், ஒரு தரகரின் கையில் அகப்பட்டு, ஜோர்தானின் அம்மான் நகரில் நேர்ஸாக வேலை செய்யும் சுகந்தி என்ற பெண்ணின் சாதகத்தோடு பொருந்தித் திரும்பி வந்தது. நான் லண்டனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போக இருந்தேன். வழியில் இறங்கி நாலு நாள் நின்று பெண்ணைப் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். "அம்மான் வீட்டுக்குப் போறவளுக்கு அழைப்பு என்னத்துக்கு?" என்று என் கணவர் பகிடிவிட்டார்.

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தயாவுக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு வருத்தம். குளிசை ஒழுங்காகப் போட்டால் வராது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ குளிசையையும் மீறி வந்துவிடும். ஐந்து நிமிடத்தில் முடிந்து, அரை மணி நேரம் நித்திரை கொண்டு எழும்பி, தேத்தண்ணி கேட்பான். மற்ற நாட்களில் அவனைப்போல ஒரு ஆளைக் காண்பது அரிது. ஊரில் இருந்த காலத்தில் இரண்டு இடத்தில் இதைச் சொல்லித்தான் பேசினோம். முதல் இடத்தில் தரகர் வருவதை நிறுத்தினார். இரண்டாம் இடத்தில் பெண்ணின் தாய் எங்கள் அம்மாவைக் கண்டால் வீதியின் அடுத்த பக்கத்துக்கு மாறத் தொடங்கினாள்.

நான் புறப்படுகிற அன்று, எல்லாரும் ஒன்றாக இருக்கும் எங்கள் ஆக்லாந்து ஹில்ஸ்பரோ வீட்டுக் குசினியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "ஆயிரம் பொய்யைச் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்துவை எண்டிருக்கினம். உன்னைப் பொய் சொல்லச் சொல்லேல்லை பிள்ளை. வாயைத் திறக்காமல் வா, அது போதும்." விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது தயா வேறு கதை சொன்னான். "அக்கா, சொல்லிப்போட்டுக் கேள். சொல்லாமல் கேக்கிறதெண்டால் கேக்கவே வேண்டாம்." இரண்டு பேருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். மனசுக்குள் அம்மாவின் பக்கம்தான் நின்றேன்.

அம்மான் ஏழெட்டு மேடுகளின் மேல் ஏறி இறங்கும் ஊர். வீடுகள் எல்லாம் ஒரே கல், ஒரே நிறம். நான் பென்ரோஸ் பகுதியில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் நிறம் பார்க்கிற வேலை செய்கிறவள். இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியதற்கு ஆக்லாந்து எனக்குக் கொடுத்த வேலை அது. எங்கே போனாலும் கண் முதலில் நிறத்தைத்தான் அளக்கும். அந்தக் கல்லின் நிறத்தை எங்கள் பட்டியலில் தேடினால் பாலாடைக்கும் பழைய பற்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

ஆஸ்பத்திரி விடுதியின் வரவேற்பறையில் சுகந்தியைச் சந்தித்தேன். இருபத்தொன்பது வயது, பருத்தித்துறைப் பக்கம். படத்தில் இருந்ததைவிட ஒரு பிடி மெலிவு, இரண்டு பிடி கறுப்பு. படத்தில் இல்லாத மூக்குக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நாங்கள் அனுப்பிய தயாவின் படம் ஏழு வருடம் பழையது; அதில் அவனுக்கு முன்னந்தலையில் மயிர் இருந்தது.

"பயணம் எப்பிடி அக்கா? களைச்சுப்போய் வந்திருப்பீங்கள்."

"களைப்பொண்டுமில்லை. நீர் எத்தினை வருஷமா இஞ்ச?"

"மூண்டு."

அதற்குமேல் கதை நகரவில்லை. மூலைக் கதிரையில் விடுதிக்குப் பொறுப்பான பெரிய நேர்ஸ் ஒருத்தி கம்பளி பின்னியபடி இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தாள். நான் கேட்பதற்கெல்லாம் சுகந்தி ஓம், இல்லை என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டைத் தள்ளினாள். ஒன்றை மட்டும் தானாகச் சொன்னாள். வேலை ஒப்பந்தம் தைமாதத்தோடு முடிகிறது. ஊரில் அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முடிவில் இராணுவ முகாம் வந்துவிட்டது. தகப்பன் எழுதும் ஒவ்வொரு கடிதமும் "இப்போதைக்கு வராதே" என்று முடிகிறதாம்.

அவளுக்குப் போக இடமில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் எனக்கு வந்த நினைப்பு அதுதான்: இவளால் இலகுவில் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. ஒரு நிறத்தை ரியூப் லைற் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். ஒன்றில் ஒத்துப்போவது மற்றதில் காலை வாரிவிடும். அந்த வரவேற்பறையில் ரியூப் லைற்றும் கம்பளி பின்னுகிறவளும்தான் இருந்தார்கள். சுவரில் தொங்கிய கலண்டரில் பெட்ராவின் படம் இருந்தது. "இதைப் பாத்திட்டீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. ஆரோட போறது?"

"என்னோட வாரும்."

முதல்முறையாகச் சிரித்தாள். உடனே ஓடிப்போய் யாரோ ஒருத்தியோடு வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு இரண்டு நாள் லீவோடு வந்தாள். அன்று பின்னேரம் என்னைக் கீழ் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வாய் ஒடுங்கிய பெரிய செம்புப் பானையில் வேகும் அவரை மசியல் வாங்கித் தந்தாள். தட்டு இல்லை, ரொட்டிதான் தட்டு, ரொட்டிதான் கரண்டி. கூடவே ஃபலாஃபெல் என்று ஒரு பொரியல். எங்கள் கடலைப் பருப்பு வடையின் சித்தப்பா மகன் என்றே சொல்லலாம். ஆக்லாந்தில் வேலை இடத்தில் மத்தியானத்துக்கு 'பை' என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்த பண்டத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல், மரக்கறி நாளான வெள்ளிக்கிழமைகளில் அப்பிளைக் கடித்துக்கொண்டு இருக்கிறவள் நான். ஒன்பது வடை சாப்பிட்டேன். சுகந்தி எண்ணினாள்.

மறுநாள் பஸ்ஸில் தெற்கே போனோம். பஸ் என்றால் பதினைந்து பேர் இருக்கக்கூடிய சின்ன வான். இருபது பேரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தோம். பாலைவனம் என்றதும் எனக்குள் இருந்தது மணல்மேடும் ஒட்டகமும். வந்ததோ சாம்பல் நிறக் கூழாங்கல் வெளி. ஒன்றரை மணி நேரம் ஒரே நிறத்தைப் பார்த்தேன். நியூசிலாந்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை மாறும். இங்கே கண்ணுக்கு வேலையில்லாமல் போய், வாய் வேலை செய்யத் தொடங்கியது.

நடுவழியில் ரயர் வெடித்தது. மாற்று ரயரிலும் காற்று இல்லை. சாரதி அதையும் இதையும் எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு, லொறி ஒன்றை மறித்து ஒரு ஆளை ரயரோடு ஏற்றி அனுப்பிவிட்டு, வீதியோரத்தில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தான். பயணி ஒருவர் கையிலிருந்த மணிக்கூட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். சாரதி திரும்பிப் பாராமலே பதில் சொன்னான். சுகந்தி எனக்கு மொழிபெயர்த்தாள்: "அவசரமெண்டால் நேற்று வந்திருக்கவேணுமாம்."

வானின் நிழலில் இரண்டு பேரும் குந்தியிருந்து கதைத்தோம். உண்மையில் நான்தான் கதைத்தேன். ஆக்லாந்து வீடு, அதன் மொர்கேஜ் கடன், மழை, மூலைக் கடையை அங்கே டெய்ரி என்று சொல்வது, என் மகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வது, எல்லாம். அந்த உற்சாகத்தில், காலையில் நானும் தயாவும் வேலைக்குப் போகிற கதையையும் சொன்னேன். அவனுக்கும் பென்ரோஸில்தான் வேலை, ஒரு பண்டகசாலையில். தினமும் நான்தான் அவனை ஏற்றிப்போய் வாசலில் இறக்குவேன். அவன் பக்கத்தில் இருந்தபடி என் கார் ஓட்டத்தை நக்கலடித்துக்கொண்டு வருவான். எனக்குக் காய்ச்சல் என்றால் அவன் பஸ் மாறி மாறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டும்.

"அவர் கார் ஓடமாட்டாரோ?" என்று கேட்டாள்.

"பழகேல்லை," என்றேன்.

ஆக்லாந்தைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு மட்டமான பொய் என்று தெரியும். அங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் கார் ஓடுகின்றன. முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை ஓடவில்லை என்றால், டொக்டர் லைசென்ஸ் எடுக்க விடவில்லை என்று அர்த்தம். சுகந்திக்கு ஆக்லாந்தைத் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகு, பெட்ராவின் வாசலில் இருக்கும் வாடி மூசா ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலை பெட்ரா. வாசலிலிருந்து உள்ளே போகக் குதிரை. நான் சேலை உடுத்தியிருந்தேன். பெண்ணின் முன்னால் மாப்பிள்ளையின் தமக்கை கால்சட்டையோடு நிற்பதா என்று முதல்நாள் யோசித்த யோசனையின் விளைவு அது. குதிரைக்காரன் என்னைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான், ஒரு கல்லைக் காட்டினான். கல்லில் ஏறி, குதிரையில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு இருந்தேன். குதிரை நாலு அடி வைத்தது. நான் மெதுவாக மறுபக்கம் சரிந்து, குதிரைக்காரனின் தோளில் விழுந்தேன். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். அதன்பிறகு நடந்தே போனோம்.

இரண்டு மலைச்சுவருக்கு நடுவில் ஒரு பிளவு. சில இடத்தில் எங்கள் ஊர் ஒழுங்கை அளவு அகலம்தான். நிமிர்ந்தால் வானம் ஒரு கீற்று. சுவரோரமாக, மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டும் வீணாகாமல் நகரத்துக்குப் போயிருக்கும். அரை மணி நேரம் நடந்த பிறகு, பிளவின் முடிவில் ஒரு கீற்றாகத் தூண் தெரிந்தது. இன்னும் பத்து அடி போனதும் முழு முகப்பும் தெரிந்தது. மலையின் வயிற்றிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த இரண்டு மாடி. என்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனேன்.

நிறத்தைக் கேட்பீர்கள். றோசா நிறம் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அது ஒரு நிறமில்லை. காலை வெயில் பட்ட இடத்தில் ஈரச் செங்கல், நிழலில் பழைய இரத்தினக் கம்பளம், இடையில் சதை நிறத்தில் ஒரு கோடு. இதைக் கலந்து தா என்று யாராவது என்னிடம் கேட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த முகப்புகளை மேலே தொடங்கிக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு வந்தார்களாம். மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்தபோதும் இதே மலைப்பு எனக்கு வந்தது. கல்லை அடுக்கிக் கட்டுகிறவன் பிழைவிட்டால் ஒரு கல்லை மாற்றலாம். குடைகிறவனுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். இதையெல்லாம் சுகந்திக்குச் சொல்லிக்கொண்டே படியேறி உள்ளே போனேன்.

உள்ளே ஒன்றுமில்லை. சதுரமான வெறும் அறை. தூணில்லை, சிற்பமில்லை, ஒரு விளக்கு மாடம்கூட இல்லை. எங்களுக்கு முன் நுழைந்த வெள்ளைக்காரர் ஒருவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "இவ்வளவுதானா? இதற்கா வெளியே இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" எனக்குச் சுருக்கென்றது. அந்த வெறும் அறையில் நின்றபோது ஏழு வருடப் பழைய படத்தையும், பொருந்திவந்த சாதகத்தையும், எங்கள் அம்மா பெண்வீட்டுக்கு எழுதிய "நற்குணமும் நல்ல தேகசுகமும் உள்ள பிள்ளை" என்ற கடிதத்தையும் நினைத்தேன். சுகந்தி சுவரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு, மடம் என்று அவர்கள் சொல்லும் இன்னொரு முகப்பைப் பார்க்க மலையேறினோம். எண்ணூறு படியாம். நான் எண்ணவில்லை, என் முழங்கால் எண்ணியது. முக்கால்வாசியில், ஒரு பழைய கல்லறைக் குகையின் வாசலில், பெதூயின் என்னும் நாடோடி இனப் பெண் ஒருத்தி தேத்தண்ணி விற்றாள். அவள் குடும்பம் பரம்பரையாக அந்தக் குகைகளில் இருக்கிறது. இப்போது அரசாங்கம் மேட்டில் சீமெந்து வீடு கட்டிக் கொடுத்து, குகையை விட்டு எழும்பச் சொல்கிறதாம். போக விருப்பமோ என்று சுகந்தி அவளிடம் கேட்டாள். பதிலை எனக்குச் சொன்னாள்: "குகை குளிருக்குச் சூடாம், வெயிலுக்குக் குளிராம். அங்க குழாயில தண்ணி வருமாம். விருப்பம் எண்டு இல்லை, போறம் எண்டுறா."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "தாயும் மகளுமோ எண்டு கேக்கிறா," என்றாள் சுகந்தி. எனக்கு நாற்பத்திரண்டு வயதுதான் என்பதை அவளுக்கு விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். சுகந்தி அதை விட்டுவிட்டு வேறு ஏதோ நீளமாகச் சொன்னாள். அந்தப் பெண் கையைத் தட்டி, "ஆஹ்!" என்றாள். பெண் பார்க்க வந்த விஷயம் விளங்கிவிட்டது. உலகத்தின் எந்த மூலையிலும் பெண்களுக்கு இந்த விஷயம் உடனே விளங்கிவிடுகிறது. கிட்ட வந்து குந்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு எத்தினை ஆடு எண்டு கேக்கிறா."

"எங்கட நாட்டில ஆக்களைவிட ஆடு கூட. ஆனால் இவனுக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லும்."

சுகந்தி சொன்னாள். பெண் உச்சுக் கொட்டினாள். பிறகு எழும்பி, குகை வாசலுக்குப் போய் நின்று, உரத்த குரலில் இரண்டு சொல் சொன்னாள்.

"மாப்பிள்ளைக்கு ஏன் கார் ஓடத் தெரியாதெண்டு கேக்கிறா," என்றாள் சுகந்தி.

இந்தத் தேத்தண்ணிக்காரிக்குக் காரைப் பற்றி யார் சொன்னது என்று ஒரு கணம் தோன்றியது. சுகந்திதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். "அவனுக்கு அதிலை விருப்பமில்லை," என்றேன். சுகந்தி அதை அரபியில் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பெண் மறுபடி இரண்டு சொல் சொன்னாள்.

"அவருக்கு ஏதும் வருத்தம் இருக்கோ, நாளாந்தம் குளிசை போடுறவரோ எண்டு கேக்கிறா."

நான் வாசலைப் பார்த்தேன். பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சின்னக் கல். எதிர்ச் சரிவில், விளிம்பில் நின்ற ஒரு கறுத்த ஆட்டைப் பார்த்து, மூன்றாம் முறையாக அதே இரண்டு சொல்லைச் சொல்லிக் கல்லை எறிந்தாள். ஆடு இறங்கி வந்தது.

சுகந்தி நிமிரவில்லை. கேட்டது ஆட்டுக்காரி இல்லை.

எங்கள் வழக்கத்தில் பெண் கேள்வி கேட்பதில்லை. தகப்பன் கேட்பார், தாய்மாமன் கேட்பார், தரகர் மழுப்புவார், பெண் பலகாரத் தட்டோடு வந்து குனிந்து நிற்பாள். அம்மானில் இவளுக்காகக் கேட்க யாரும் இல்லை. அந்த மலையில் ஆட்டுக்காரி ஒருத்திதான் அகப்பட்டாள்.

"இல்லை" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவுக்கு நிம்மதி, தம்பிக்குக் கலியாணம், இவளுக்கு ஆக்லாந்து விசா. ஆறு மாதத்தில் ஹில்ஸ்பரோ வீட்டில் ஒரு விடியக்காலை, இவள் தன் புருஷன் கட்டிலில் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்ப்பாள். இந்தக் குகை வாசலில் என்னிடம் கேட்டதையும் நினைப்பாள். பொய் சொல்லப் பயந்தேன் என்பதைவிட, இவளுக்குப் பொய் சொல்ல வெட்கப்பட்டேன் என்பதுதான் சரி.

"ஓம் எண்டு சொல்லும் அவவுக்கு," என்றேன். "வலிப்பு. பதினாலு வயசில இருந்து. தினமும் குளிசை. அதாலதான் கார் ஓட விடேல்லை. கடைசியா வந்தது போன வருஷம், பஸ் தரிப்பிடத்தில. சொல்லிப்போட்டுத்தான் கேக்கவேணும் எண்டு அவன் எனக்குச் சொல்லி அனுப்பினவன். நான்தான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். இதையும் சொல்லும்."

சுகந்தி ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. ஆட்டுக்காரி திரும்பி வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, நீளமாக ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"இன்னும் சீனி போடவோ எண்டு கேக்கிறா," என்றாள் சுகந்தி. இந்த முறை அது உண்மையான மொழிபெயர்ப்பு.

மடத்தின் முகப்பை அன்று பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியது, மஞ்சள் கலந்த நிறம். வேறொன்றும் நினைவில்லை. இறங்கும்போது சுகந்தி நேர்ஸாக மாறினாள். வலிப்பு வரமுன் அவருக்குத் தெரியுமோ? நாக்கைக் கடிப்பாரோ? எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், யார் எழுதிக் கொடுப்பது? குளிசையின் பெயர் சொன்னேன். மில்லிகிராம் எனக்குத் தெரியாது. இருபது வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் தெரியாது.

"ஒரு வீட்டில இருந்துகொண்டு இது தெரியாதோ அக்கா?" குரல் ஏறியது. "நேற்று ரயர் வெடிச்ச இடத்திலயே எனக்கு விளங்கீட்டுது. விளங்காட்டி நான் என்ன நேர்ஸ்? இண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தால், நாளைக்கே அப்பாவுக்கு வேண்டாமெண்டு எழுதியிருப்பன். ஊருக்குப் போய்ச் செல் குண்டு விழுந்து செத்தாலும் பரவாயில்லை எண்டு."

"இப்ப?"

"யோசிக்கவேணும்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை மலையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் ரயர் வெடிக்கவில்லை, யாரும் சண்டை பிடிக்கவில்லை. சுகந்தி என் பக்கத்தில் இருந்து, நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நித்திரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது, தயாவுக்கு எந்த முகத்தோடு எழுதுவது என்று நான் சாம்பல் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இடமும் போய்விட்டது என்றே எண்ணினேன். விடுதி வாசலில் இறங்கி, "நாளைக்கு விமானம் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் விமான நிலையத்துக்கு வேலை உடுப்போடு வந்தாள். இரவு வேலை முடித்து நேரே வந்திருக்கிறாள், கண் சிவந்திருந்தது. ஒரு கடதாசிப் பையில் சுடச்சுட ஃபலாஃபெல் பொதி. "லண்டனுக்குப் போகுமட்டும் காணும்," என்றாள். நான் அவளுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். அவள் தரையைப் பார்த்தபடி தொடங்கினாள்.

"போக இடமில்லாததாலதான் ஓம் எண்டுறன் எண்டு நினைக்காதேங்கோ." கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் ஒரு காரணம்தான். பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது மட்டுமில்லை."

"வேற என்ன?"

"சொல்லிப்போட்டுக் கேள் எண்டு அவர் சொன்னவரெல்லோ." நிமிர்ந்து பார்த்தாள். "நான் அவரோடதானே இருக்கப்போறன். உங்களோட இல்லையே."

அறை வாங்கியதுபோல் இருந்தது. சரியான இடத்தில் விழுந்த அறை. அவள் கையைப் பிடித்து விட்டுவிட்டு, கடவுச்சீட்டு வரிசையை நோக்கி நடந்தேன்.

"மச்சாள்!"

இரண்டு அடி போன பிறகுதான் அது என்னை என்று விளங்கியது. நாலு நாளும் அக்கா என்று கூப்பிட்டவள், இப்போது புருஷனின் தமக்கையைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள். திரும்பினேன். சுகந்தி தடுப்புக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமியிட்டை மட்டும் அவரின்ர வருத்தம் எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதேங்கோ. பாவம், நான் வந்து சேருமட்டும் நித்திரை கொள்ளமாட்டா. அவவுக்கு நான் வந்து ஆறுதலாச் சொல்லுறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரிசையை விட்டுத் திரும்பி ஓடிப்போய், கம்பிக்கு மேலால் அவளைக் கட்டிப்பிடித்தேன்.